இராணியின் பேரில் கட்டிய கடல்

கடலுக்கு வாய்கட்டுவதற்கென்று கோறணமேந்தில், அதாவது வெள்ளைக்கார அரசாங்கத்தில், ஒரு உத்தியோகம் இருந்தது என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நல்ல பற்கள் இருக்கும்போதே சிரித்துவிடுவது நல்லது. ஆனால் காக்கைமணல் கரையில் முத்துக்குளிப்பு நடந்த வருசங்களில், மாசி கழிந்து பங்குனி பிறக்கும்போது, வெறும் மணலும் முள்ளும் காகமுமாகக் கிடந்த அந்த இடத்தில் பத்து நாளில் தென்னங்கிடுகாலும் கம்பாலும் ஒரு பட்டணம் எழும்பி, அதற்கொரு அரசாங்கக் கச்சேரி, ஒரு நீதிமன்றம், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு மறியற்கூடம், ஒரு தபாற்கந்தோர் எல்லாம் வந்து, அக்கரையிலிருந்தும் இக்கரையிலிருந்தும் வந்த இருபதினாயிரம் சனம் அதற்குள் சமைத்துச் சண்டைபிடித்துச் சமாதானமாகி வாழ்ந்தபோது, ஏசண்டுத் துரை முதல் விளக்கேற்றுகிறவன் வரைக்கும் பேரெழுதிய உத்தியோகத்தர் இடாப்பில் பதினேழாவதாக, மருந்து கலக்குகிறவருக்குக் கீழே, தண்ணீர் அள்ளுகிறவனுக்கு மேலே, "கடல்கட்டி – ஒருவன்" என்று நல்ல கறுத்த மையால் எழுதியிருந்தது.

அந்த ஒருவன் சந்தியோகு. அறுபது வயது, மெலிந்த உடம்பு, கழுத்தில் ஒரு செபமாலை, இடுப்பில் ஒரு நூற்பந்து. விடியற்காற்றுக்குப் படகுகள் பாய் விரித்துப் புறப்படும்போது அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, நூலில் ஏழு முடிச்சுப் போட்டுக்கொண்டே, தகப்பன் வழியாய் வந்த மந்திரத்தைச் சொல்லுவார். சொல்லி முடித்ததும் அந்தக் கடலில் உள்ள சுறாக்களெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். மூடிய வாய், மாலையில் கடைசிப் படகும் கரை சேர்ந்து பீரங்கி முழங்கின பிறகு அவர் திரும்ப இறங்கி முடிச்சவிழ்க்கிற வரைக்கும் திறக்காது. அந்த மந்திரத்தின் நடுவில் ஒரு இடம் வெற்றாக விட்டிருந்தது. அதில் ஆளுகிறவர் யாரோ அவருடைய பேரைச் சொல்லவேண்டும். சந்தியோகுவின் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் பறங்கி ராசாவின் பேரைச் சொன்னாராம். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒல்லாந்தக் கும்பனியின் பேரைச் சொன்னார்கள். சந்தியோகு மகாராணியின் பேரைச் சொன்னார். சுறாக்களுக்கு இதிலெல்லாம் பேதம் கிடையாது, யார் பேரில் கட்டினாலும் வாயை மூடிக்கொண்டன.

இன்னொரு நியமமும் இருந்தது. கட்டினவர் அவிழ்க்குமட்டும் ஒரு பருக்கை சோறு வாயில் வைக்கக்கூடாது. அவ்வளவு பெரிய பிராணிகளைப் பட்டினி கிடக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் கரையிலிருந்து தின்பது எந்த ஊர் நியாயம் என்பது அந்தக் குடும்பத்தின் கேள்வி. ஆகவே சந்தியோகு பகல் முழுக்கக் கரையில் ஒரு ஓலைப் பந்தலின் கீழ், முடிச்சுப் போட்ட நூலை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி இருப்பார்.

இனிக் கதைக்கு உரியவரைச் சொல்ல வேண்டும். அவர் அருளம்பலம், யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து வந்த கச்சேரியின் இரண்டாம் கிளாக்கர், முப்பத்துநாலு வயது. பதினொரு வருசச் சேவகத்தில் அவர்மேல் ஒரு கரும்புள்ளி கிடையாது. அவருக்கென்று ஒரு வாக்கு இருந்தது: "கடுதாசி ஆறக்கூடாது." தோசை ஆறினால் தின்னலாம், கடுதாசி ஆறினால் அது நாறும் என்பார். துரை கையெழுத்து வைத்த மை காயுமுன் அந்தக் கடிதத்தை உரியவன் கையில் சேர்த்துவிட்டு, சேர்த்த நேரத்தை மணிக் கணக்கில் இடாப்பில் பதிந்துவிட்டுத்தான் அவர் மூச்சு விடுவார். தலைமைக் கிளாக்கர் அந்த வருசத்தோடு இளைப்பாறுகிறார் என்றும், முத்துக்குளிப்பு முடிந்ததும் அந்த நாற்காலி அருளம்பலத்துக்குத்தான் என்றும் கச்சேரிக் காகங்களுக்குக்கூடத் தெரியும்.

முத்துக்குளிப்பு தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் காலைத் தபாலில் கொழும்பிலிருந்து ஒரு கட்டளை வந்தது. ஏசண்டு விட்கம் துரை அதை வாசித்து, மீசையை ஒருதரம் தடவி, அருளம்பலத்தின் மேசையில் வைத்தார். துரை ஒரு பண்டிதரிடம் இலக்கணத்தோடு தமிழ் படித்தவர். கிணற்றடியில் வாளியோடு நிற்கிறவனையும் "நீராடுகின்றீரோ" என்று கேட்கிறவர்.

"இதனைத் தமிழில் பெயர்த்து உரியவனிடம் சேர்ப்பித்துவிடும்," என்றார் துரை.

எப்போது என்று சொல்லவில்லை. அருளம்பலமும் கேட்கவில்லை. அரை மணியில் பெயர்த்து, நல்ல பிரதி எடுத்து, முத்திரை வைத்து, மைப்புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு, கொதிக்கிற மணலில் விறுவிறென்று நடந்து, அவர் சந்தியோகுவின் பந்தலுக்குப் போனபோது பகல் பதினொரு மணி. படகுகள் எல்லாம் நடுக்கடலில் நின்றன.

"வாசியுங்கோ ஐயா," என்று சந்தியோகு எழும்பி நின்றார்.

அருளம்பலம் வாசித்தார். மச்சங்களின் வாயை மந்திரத்தால் மூடலாம் என்று நம்புவது நாகரிகமுள்ள ஒரு அரசாங்கத்துக்கு அழகல்ல என்றும், ஆகையால் கடல்கட்டி என்னும் உத்தியோகம் இக்கட்டளை சேர்ப்பிக்கப்பட்ட நேரம் முதல் ஒழிந்துபோனதாகக் கொள்ளப்படும் என்றும் அதில் இருந்தது.

"அப்ப இண்டையிலையிருந்து நான் கடல்கட்டி இல்லை."

"இண்டையிலையிருந்து இல்லை, சந்தியோகு. இந்த நிமிசத்திலையிருந்து," என்று அருளம்பலம் திருத்தினார். அந்தத் திருத்தத்தை நினைத்து அவர் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டார், ஆனால் சொல்லும்போது அவருக்கு அதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது உண்மை.

சந்தியோகு பெருவிரலை மையில் தோய்த்துக் கடிதத்தில் வைத்தார். வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். நூற்பந்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, தான் தங்கியிருந்த ஓலை வாடியைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

"பின்னேரம் அவிழ்க்கிறதுக்கு வருவீர்தானே?" என்று அருளம்பலம் பின்னாலிருந்து கேட்டார்.

சந்தியோகு நின்று திரும்பினார். முகத்தில் கோபம் ஒரு துளி இல்லை. "கட்டினது இராணியின்ர பேரிலை ஐயா. அந்தப் பேரைச் சொல்ல இப்ப எனக்கு என்ன உத்தரவு இருக்குது?" என்றார்.

அன்று மாலை பீரங்கி முழங்கியது, ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை, கடல் கட்டினது கட்டினபடியே கிடந்தது.

மறுநாள் முத்துக் குளிக்கிற சுழியோடிகள் படகேற மாட்டோம் என்று நின்றார்கள், படகுக்காரச் சம்மாட்டிகள் துரையின் வாசலில் சத்தம் போட்டார்கள். ஆனால் விசயத்தைக் கேட்ட ஒரு கிழட்டுச் சுழியோடி, "அவிழ்த்தால்தானே பயம், கட்டு இன்னும் கட்டாய்த்தானே இருக்குது," என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் இறங்கி, ஒன்பது பாகம் ஆழத்தில் ஒரு பெரிய சுறாவின் மூக்கைக் கையால் தடவிவிட்டு வந்து, அது ஒன்றும் செய்யவில்லை, சும்மா தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றது என்று சொன்னார். அதற்குப் பிறகு எல்லாரும் இறங்கினார்கள். மூன்று நாள் சிப்பி மலையாய்க் குவிந்தது. கடல்கட்டி இல்லாமலே கடல் அடங்கிக் கிடக்கிறது, பாருங்கள் என்று துரை கொழும்புக்கு எழுதினார். அது உண்மைதான், எழுதிய அளவுக்கு உண்மை.

கட்டளை சேர்ந்த நாலாம் நாள் சுறாக்கள் கரைக்கு வந்தன.

முதலில் ஏழெட்டு, மத்தியானத்துக்குள் ஐம்பது, சாயங்காலத்தில் எண்ணிப் பார்த்தவர்கள் இருநூறுக்குக் கிட்ட என்றார்கள். முழங்காலளவு தண்ணீரில், வயிறு மணலில் பட, தலையைக் கச்சேரிப் பக்கம் வைத்துக்கொண்டு, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாய் வரிசையில் கிடந்தன. ஒன்றும் துள்ளவில்லை, வாலடிக்கவில்லை, செவுள் மட்டும் மெல்ல அசைந்தது, வாய் மட்டும் ஊசி போட்டுத் தைத்ததுபோல மூடியிருந்தது. கச்சேரி முற்றத்தில் வழக்கமாய் மனுவும் பெட்டிசமுமாய் வந்து துரை எப்போது கூப்பிடுவார் என்று குந்தியிருக்கிற சனத்தைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது ஒரு புதுமையாகவே படவில்லை. இதுகளுக்கும் ஒரு வழக்கு இருக்குதாக்கும் என்று சொல்லிக்கொண்டு சனங்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

அந்தக் கிடுகுப் பட்டணம் சுறாக்களோடு எப்படிப் பழகியது என்பதைச் சொன்னால் ஒரு நாள் போதாது. படகு தள்ளுகிறவர்கள் வரிசையின் நடுவில் ஒரு பாதை விட்டு, "கொஞ்சம் அரக்கு, கொஞ்சம் அரக்கு" என்று காலால் தொட்டுச் சொல்ல, அவை நகர்ந்து அரங்கிக் கொடுத்தன. வரிசை குழம்பாமல் பார்க்க ஒரு பொலிஸ்காரன் தடியோடு நிறுத்தப்பட்டான். அவனுக்குத் துவக்கும் கொடுத்து ஒன்றிரண்டைச் சுட்டு மற்றதுகளை வெருட்டப்பார் என்று மேலதிகாரி சொன்னபோது, அவன் முன்வரிசைச் சுறா ஒன்றின் கண்ணை ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, "வாய் கட்டினதைச் சுடுகிறது என்ர குலத்திலை இல்லை," என்று துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மீன்பிடிகாரர்கள் அதற்கு முதலே சுறாத்தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். கீழக்கரை மரைக்காயர்கள் தொழுகைக்குப் போகும்போது அவற்றின்மேல் ஒரு கை நல்ல தண்ணீர் தெளித்தார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவாமியார் அவற்றுக்காகவும் மன்றாடினார், பிள்ளையார் கொட்டிலில் ஒரு விளக்குக் கூடுதலாய் எரிந்தது.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் சாப்பாட்டில்தான் வந்தது. கரையோரம் அடுப்பு வைத்து மீன் பொரித்துக்கொண்டிருந்த சாப்பாட்டுக் கடைக்காரிகள், ஒருவரும் சொல்லாமலே, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு காற்று கடலுக்குப் போகாத பின்பக்கம் போனார்கள். பசித்த வாய்க்கு முன்னால் மணக்க மணக்கச் சமைப்பது பாவம் என்று அவர்கள் நெஞ்சுக்குப் பட்டது. பிறகு சனங்களும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடப் பழகினார்கள். "இண்டைக்கு என்ன கறி" என்று உரக்கக் கேட்கிற வழக்கம் போய், காதோடு காதாய்க் கேட்கிற வழக்கம் வந்தது. சோற்றுக்கு அடம்பிடிக்கிற பிள்ளைகளைத் தாய்மார் கையில் பிடித்துக் கூட்டிவந்து வரிசையைக் காட்ட, பிள்ளைகள் பேசாமல் திரும்பிப் போய்ச் சாப்பிட்டார்கள்.

பெட்டிசம் எழுதுகிறவர் ஒருவர் சும்மா இருக்கப் பொறுக்காமல் சுறாக்களின் சார்பில் ஒரு பெட்டிசம் எழுதினார். "தங்கள் பாதம் பணியும், வாய் கட்டப்பட்ட ஏழைகளாகிய நாங்கள்" என்று தொடங்கி, நாலு பக்கம் எழுதி, முன்வரிசைச் சுறாவின் செட்டையை மையில் தோய்த்துக் கைநாட்டு வாங்கி, கச்சேரியில் கொண்டுவந்து நீட்டினார். முறைப்படி எழுதப்பட்ட பெட்டிசத்தை வாங்கமாட்டேன் என்று சொல்லக் கிளாக்கருக்கு அதிகாரமில்லை. அருளம்பலம் அதற்கு இலக்கம் போட்டுப் பதிந்தார். துரை அதைத் தன் கடிதத்தோடு கொழும்புக்கு அனுப்பினார்.

கட்டளை சேர்ந்த ஒன்பதாம் நாள் பகல், சந்தியோகுவின் மனைவி மதலேனாள் கச்சேரிக்கு வந்தாள். நைந்த சீலை, கழுத்தில் தாலிக்கயிறு மட்டும், அழுது முடித்த கண். அவள் துரையைப் பார்க்கக் கேட்கவில்லை, நேரே அருளம்பலத்தின் மேசைக்கு வந்தாள்.

"ஐயா, நீங்கள் கொண்டுவந்த கடுதாசி என்ர மனிசனைச் சாப்பிட விடுகுதில்லை," என்றாள்.

அருளம்பலத்துக்கு முதலில் விளங்கவில்லை.

"கட்டினவர் அவிழ்க்குமட்டும் சாப்பிடக்கூடாது ஐயா. நீங்கள் பதினொரு மணிக்கு வந்தீங்கள். விடியக் கட்டினவர், அண்டு முழுக்கச் சாப்பிடேல்லை. அண்டையிலையிருந்து இண்டுவரைக்கும் பச்சைத்தண்ணியும் இளநியும்தான். நேற்றுவரைக்கும் எழும்பி இருந்தார். இண்டைக்கு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறார். நான் சோறு காய்ச்சவும் இல்லை. ஆருக்குக் காய்ச்சிறது?"

அருளம்பலத்தின் கையிலிருந்த இறகுப்பேனா மேசையில் உருண்டது. இருநூறு சுறாவைத் தினமும் கண்ணால் கண்டும், இடாப்பில் இலக்கம் போட்டும், அந்தக் கரையில் இன்னொரு வாயும் கட்டுப்பட்டுக் கிடக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் எழும்பி, தொப்பியையும் எடுக்காமல், அவளோடு நடந்தார்.

சந்தியோகு வாடிக்குள் பாயில் கிடந்தார். முகம் உலர்ந்து, கண் மட்டும் தெளிவாய் இருந்தது. அருளம்பலம் பாயின் ஓரத்தில், மணலில், காலை மடக்கிக்கொண்டு இருந்தார். உத்தியோகம் பார்க்கத் தொடங்கின நாளிலிருந்து அவர் ஒரு வாடியின் மணலில் இருந்தது அதுதான் முதற்தரம்.

"என்ன வீம்பு இது, சந்தியோகு?"

"வீம்பு இல்லை ஐயா. நியமம்."

"வேறை பேரைச் சொல்லி அவிழும். அந்தோனியார் பேரைச் சொல்லும், கடலம்மா பேரைச் சொல்லும்."

"ஒரு பேரிலை போட்ட முடிச்சு இன்னொரு பேருக்கு இறுகுமே தவிர இளகாது."

"அப்ப ராணியின்ர பேரையே சொல்லும். மெல்லமாய்ச் சொல்லும். ஆர் கேக்கப் போகினம்?"

"சுறா கேக்கும்," என்றார் சந்தியோகு.

 வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது.

"துரை ஆள் விட்டவர் ஐயா, அவிழ்க்கச் சொல்லி. நல்ல மனிசன். கடுதாசி இருக்கோ எண்டு கேட்டன். இல்லையெண்டு வந்த ஆள் தலையைக் குனிஞ்சுகொண்டு போனான். அவரிலையும் குற்றமில்லை. கவர்னர் வேண்டாமெண்டதை அவர் எப்பிடி எழுதித் தருவார்?" சந்தியோகு கொஞ்சம் மூச்சு வாங்கினார். "முன்வரிசையிலை இடப்பக்கம் ஒண்டு கிடக்கும். முதுகிலை ஒரு தழும்பு. அதை எனக்கு இருவது வருசமாய்த் தெரியும். இப்ப எப்பிடி இருக்குது?"

"மெலிஞ்சுபோச்சுது," என்றார் அருளம்பலம்.

சந்தியோகு முகத்தைக் கிடுகுத் தட்டிப்பக்கம் திருப்பிக்கொண்டார். மதலேனாள் அவருடைய கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாற்பது வருசம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேரை அருளம்பலம் பக்கத்திலிருந்து பார்த்தார். அந்த மனுசன் செத்தால் தானே கொன்றதாக ஆகும் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது, அன்றைக்கு ஆறேழு மணி நேரம் பொறுத்திருந்தால் ஒன்றும் நடந்திராது என்பதும் தெரிந்தது.

பத்தாம் நாள் கொழும்பிலிருந்து பதில் வந்தது. சுறாக்களின் வாய் மூடியிருப்பதாக அரசாங்கம் கருதவில்லை. ஆகவே அவற்றைத் திறப்பதுபற்றி ஆலோசிக்க இடமில்லை. துரை அதை வாசித்துவிட்டு, கிடுகுத் தட்டிக்கு அப்பால் வரிசையாய்க் கிடந்த இருநூறு சுறாவையும் பார்த்தார்.

"மிகவும் திருத்தமாக எழுதப்பட்ட கடிதம்," என்றார் துக்கத்தோடு. "ஒரு சொல்லையும் எடுத்துவிட முடியாது."

அருளம்பலம் அன்றைக்குக் கடிதம் ஒன்றும் எழுதவில்லை. பெட்டகத்தைத் திறந்து, கரையான் பாதி தின்ற பழைய நிலையான கட்டளைப் புத்தகங்களை மேசையில் அடுக்கி, சிப்பி ஓடுகளைப் பாரமாய் வைத்து, ஒவ்வொரு தாளாய்ப் புரட்டினார். சாவி தொலைத்தவன் வீடு முழுக்கத் தேடுவதுபோலத் தேடினார். தேடினவருக்கு மறுநாள் மத்தியானம் ஒரு இடத்தில் விரல் நின்றது. படகில் தண்டுவலிக்கிறவர்களுக்கென்று, துரைத்தனம் தொடங்கின காலத்தில், கடலைத் தெரிந்த யாரோ ஒரு அதிகாரி எழுதின கட்டளை அது: படகு கரையை விட்டுப் புறப்பட்டபின், அது திரும்பிக் கரைசேருமுன், அதில் வேலைசெய்கிறவன் எவனையும் வேலையிலிருந்து நிறுத்தலாகாது, அன்றைய வேலை முடியுமுன் சேர்ப்பிக்கப்பட்ட நிறுத்தக் கட்டளை சேர்ப்பிக்கப்படாததாகவே கொள்ளப்படும்.

அருளம்பலம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஒரு பக்கம்கூட வரவில்லை. இன்ன தேதியில் கடலில் வேலைசெய்யும் உத்தியோகத்தன் ஒருவனுக்குரிய நிறுத்தக் கட்டளையை, அவனுடைய அன்றைய வேலை பாதியில் நிற்கும்போது, கட்டளைப் புத்தகத்தைப் பார்க்காமல், தன் அவசரத்தால் தான் சேர்ப்பித்ததாகவும், ஆகவே அந்தச் சேர்ப்பு செல்லாதென்றும், அந்த உத்தியோகத்தன் அன்று தொடங்கின வேலையை இன்னும் முடிக்காமல் உத்தியோகத்திலேயே இருக்கிறானென்றும், அவன் அதை முடித்தபின் கட்டளையைத் திரும்பவும் சேர்ப்பிக்கவேண்டுமென்றும், இந்தப் பிழை முழுவதும் தன்னுடையதென்றும் எழுதி, கையொப்பம் வைத்துத் துரையிடம் கொடுத்தார்.

துரை மூன்று தரம் வாசித்தார். "இதில் சுறா என்னும் சொல்லே இல்லை."

"இல்லை ஐயா."

"பதினொரு நாளாக ஒரு கட்டளை செல்லாமல் கிடந்தது என்று இதன் பொருள். இதன் பிரதியை நான் கொழும்புக்கு அனுப்பியே ஆகவேண்டும்."

"தெரியும் ஐயா."

"தலைமைக் கிளாக்கர் பதவிக்கு உமது பேரைச் சென்ற வாரம் எழுதி அனுப்பினேன். அந்தக் கடிதத்தின் பின்னே இந்தக் கடிதமும் சென்றால்..."

"முந்தினதை வாசிக்கமாட்டார்கள் ஐயா."

துரை தாளை மேசையில் விரித்து வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, மையில் தோய்த்து, "ஒப்புக்கொள்ளப்பட்டது. வேலை முடிக்கப்படுவதாக" என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். அவருடைய கையெழுத்து அன்றைக்குக் கொஞ்சம் கோணலாய் இருந்தது.

பிற்பகல் படகுகள் திரும்பின. நாலு பேர் சந்தியோகுவை ஒரு கதிரையில் சாய்த்து இருத்திக் கரைக்குத் தூக்கி வந்தார்கள். மதலேனாள் பக்கத்தில் நடந்தாள். சொல்லி அனுப்பாமலே சனம் எல்லாம் வந்து நின்றது, கடைக்காரிகள் கரண்டியோடு வந்து நின்றார்கள், சம்மாட்டிகளும் மரைக்காயர்களும் மறியற்காரரும் அவர்களைக் காக்கிற காவற்காரரும் வந்து நின்றார்கள், துரை தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஓரமாய் நின்றார். அருளம்பலம் ஓரத்தில் எழுதியிருந்ததை உரக்க வாசித்தார். சந்தியோகு கையை நீட்டி அந்தக் கடிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாத கண்ணால் கடைசி வரை பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

பீரங்கி முழங்கியது. கதிரையை இடுப்பளவு தண்ணீரில் இறக்கினார்கள். சந்தியோகு மடியிலிருந்து நூலை எடுத்து, முதல் முடிச்சை அவிழ்த்தார். இரண்டாவதை அவிழ்த்தார். ஏழு முடிச்சுக்கும் எவ்வளவு நேரம் சென்றதென்று ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவு நேரமும் அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. மகாராணியின் பேர் வந்த இடத்தில் அவர் குரலை உயர்த்திச் சொன்னார்.

இருநூறு வாயும் திறந்தன. அவை கடிக்கிறதற்குத் திறக்கவில்லை. பிள்ளைகள் தூங்கி எழும்பிக் கொட்டாவி விடுவதுபோல, ஒவ்வொன்றாய், வரிசைப்படி, பெரிதாய்த் திறந்து, மெல்ல மூடி, திரும்பத் திறந்து பார்த்தன. பக்கத்திலேயே அத்தனை பேர் தண்ணீருக்குள் நின்றார்கள், ஒருவரையும் அவை தொடவில்லை. முதுகில் தழும்புள்ளது மட்டும் சந்தியோகுவின் கதிரைக் காலில் ஒருதரம் உரசிவிட்டுப் போனது. பிறகு கரை வெறுமையாய்க் கிடந்தது, தண்ணீர் இருண்டுகொண்டு வந்தது.

"இனி மற்றக் கடுதாசியை வாசியுங்கோ ஐயா," என்றார் சந்தியோகு.

அருளம்பலம் கடிதத்தைப் பிரித்தார். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண்ணீர் தாடையில் வழிந்தது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"வாசியுங்கோ. முடிச்ச வேலையிலையிருந்துதானே நிப்பாட்டுறீங்கள். அதிலை எனக்கொரு மனவருத்தமும் இல்லை."

அருளம்பலம் வாசித்தார். சந்தியோகு பெருவிரலை வைத்தார். மதலேனாள் பனையோலைப் பிளாவில் நன்றாய்க் கரைத்த கஞ்சியை வார்த்து, ஊதி ஊதி ஆற்றி, அவருடைய வாயில் வைத்தாள். அவர் குடிக்கிற சத்தம் கரை முழுக்கக் கேட்டது. அப்போதுதான் சனங்களுக்கும் பசியெடுத்தது. அன்று ஒரு வாரத்துக்குப் பிறகு எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

மறுநாள் ஒரு சுழியோடியும் தண்ணீரில் இறங்கவில்லை. சுறாவின் வாய் திறந்திருக்கிறது, கட்டுகிறதற்கு ஆளில்லை, அவர்களைக் குறைசொல்ல முடியாது. காற்றுச் சரியில்லாதபடியால் இந்த வருசத்து முத்துக்குளிப்பு இத்துடன் முடிகிறது என்று அறிவித்தல் ஒட்டினார்கள். காற்று நல்லாய்த்தான் வீசியது. கிடுகுகளைப் பிரித்தார்கள், கம்புகளைப் பிடுங்கினார்கள், பட்டணம் தெருத் தெருவாய்க் குறைந்து, கடைசியில் கச்சேரி மட்டும் வெயிலில் தனியாய் நின்றது. சந்தியோகுவும் மதலேனாளும் தங்கள் ஊருக்குப் போகிற தோணியில் ஏறினார்கள். அவர் கொஞ்சம் தேறியிருந்தார், போகும்போது அருளம்பலத்துக்கு ஒரு குலை இளநீர் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அதற்கு நாலாம் நாள், அருளம்பலம் காலையிலிருந்து மாலை வரைக்கும் கச்சேரிச் சாமான்களுக்கு அட்டவணை எழுதினார். துரை அன்று முழுக்க ஒரு இடத்திலும் நிலையாய் இருக்கவில்லை. குதிரையில் ஏறிப் போனார், திரும்பி வந்தார், கரையில் நடந்தார், கச்சேரிக்குள் எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். சூரியன் விழுந்து, அருளம்பலம் கடைசிப் பெட்டிக்கு முத்திரை வைத்து, மைப்புட்டியை மூடி, பேனாவைத் துடைத்து வைத்தபோது அவர் உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"நீர் இன்று தொடங்கிய வேலை எதுவும் முடியாமல் நிற்கின்றதோ?"

"இல்லை ஐயா. எல்லாம் முடிந்தது."

"நீர் உணவு உண்டீரா?"

பதினொரு வருசத்தில் துரை அதைக் கேட்டதில்லை. அருளம்பலம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"உண்டேன் ஐயா."

விட்கம் துரை சட்டைப்பைக்குள் கையை விட்டு, நாள் முழுக்க உடம்புச் சூட்டில் கிடந்து மடிப்பு நைந்துபோன ஒரு கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் கொடுத்தார். உறையின்மேல் அருளம்பலத்தின் பேரும், கொழும்பிலிருந்து வந்த காலைத் தபாலின் முத்திரையும் இருந்தன.